பட்டம் கடல் தாண்டும், ஐ.டி.ஐ. சான்றிதழ்தான் தாண்டாது

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். சார்க், பிம்ஸ்டெக் என்று நம்ம பக்கத்து நாடுகள் சேர்ந்து கூட்டம் போடும்போதெல்லாம் "உயர்கல்வியிலும் தொழிற்பயிற்சியிலும் ஒத்துழைப்போம்" என்று அறிக்கை வருகிறதே, நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனால் ஏதாவது உண்டா என்பது கேள்வி. அவர் தம்பி ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் முடித்துவிட்டு மாலத்தீவு போகப் பார்க்கிறான். கொழும்பில் இருக்கும் அத்தை மகள் அங்கத்திய பிளஸ் டூவான ஏ/எல் முடித்துவிட்டு நெல்லையில் வந்து படிக்க நினைக்கிறாள். ரெண்டு பேருக்கும் சேர்த்து வழி சொல்லுங்க அண்ணாச்சி என்று முடித்திருந்தார்.

அத்தை மகளுக்கு வழி இருக்கிறது, ஓரளவு நல்ல வழி. தம்பிக்கு அரசாங்கங்கள் போட்டுவைத்த வழி என்று அனேகமாக எதுவும் இல்லை, அவனாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் ரொம்ப காலம் பாடம் எடுத்தவன், அதனால் தொழிற்பயிற்சிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சார்க். 1985-இல் டாக்காவில் தொடங்கினார்கள், ஆப்கானிஸ்தானையும் சேர்த்து இப்போது எட்டு நாடுகள். கல்வியில் இவர்கள் செய்த உருப்படியான காரியம் டெல்லியில் இருக்கும் தெற்காசியப் பல்கலைக்கழகம். 2007 டெல்லி உச்சி மாநாட்டில் ஒப்பந்தம், 2010-இல் வகுப்பு. கட்டடச் செலவு முழுக்க இந்தியாவுடையது. நாட்டுவாரியாக இடம் ஒதுக்கி நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், பட்டத்தை எட்டு நாடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். கட்டடம் யார் வேண்டுமானாலும் கட்டலாம், "உன் தாளை நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறேன்" என்று எட்டு நாடு கையெழுத்துப் போட்டது அபூர்வம். ஆனால் அதற்குப் பிறகு சார்க்கே படுத்துவிட்டது. 2014 காத்மாண்டு மாநாடுதான் கடைசி, 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நடக்கவில்லை. பாகிஸ்தான் பிள்ளைகளுக்கு டெல்லி வர விசா வாங்குவதே பெரும்பாடு. பல்கலைக்கழகம் ஓடுகிறது, அதைப் பெற்ற அமைப்பு ஓடவில்லை. பிம்ஸ்டெக் 1997-இல் வந்தது, வங்கக் கடலைச் சுற்றியுள்ள ஏழு நாடுகள். கல்வியில் சொல்லும்படியாக அதனிடம் இன்னும் ஒன்றும் இல்லை.

எட்டு நாடு, ஏழு நாடு என்று கூடிச் செய்தது குறைவு, இரண்டு நாடு மட்டும் உட்கார்ந்து ஒரு குறிப்பிட்ட தேவைக்காகச் செய்தது நிறைய. என்னைக் கேட்டால் இதை வைத்துத்தான் மொத்தத்தையும் பார்க்க வேண்டும். பூடானில் ஷெரூப்சே கல்லூரி டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது, 2003-இல் அவர்களே ராயல் பல்கலைக்கழகம் தொடங்கும் வரைக்கும். நேபாளத்தில் தரான் ஊரில் 1993-இல் வந்த பி.பி. கொய்ராலா மருத்துவக் கல்வி நிறுவனம் இந்திய உதவியில் வந்தது. மாலத்தீவில் இன்றைக்குப் பொறியியல் தொழில்நுட்பப் பீடமாக இருப்பதும் 1996-இல் இந்தியா கட்டிக்கொடுத்த தொழிற்கல்வி நிலையம்தான். 1964-இல் தொடங்கிய ஐடெக் என்ற இந்திய அரசுத் திட்டத்தில் வெளிநாட்டு அதிகாரிகள், ஆசிரியர்கள் செலவில்லாமல் இங்கே வந்து குறுகிய காலப் பயிற்சி எடுத்துப் போகிறார்கள். சென்னை தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறதே, அதிலும் இந்தப் பயிற்சி நடக்கும்.

நம்ம மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது, யாரும் அதைக் கல்வி என்று நினைப்பதில்லை. கூடங்குளம். சோவியத் நாட்டோடு 1988-இல் ஒப்பந்தம் போட்டு, இழுத்து இழுத்து, 2014 கடைசியில்தான் முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது. அதே ரஷ்யக் குடும்பத்தைச் சேர்ந்த உலைகள்தான் வங்காள தேசத்தில் ரூப்பூரில் அமைகின்றன, இங்கே ஆயிரம் மெகாவாட் என்றால் அங்கே ஆயிரத்து இருநூறு. 2018 மார்ச்சில் மாஸ்கோவில் ரஷ்யா, இந்தியா, வங்காள தேசம் மூன்றும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன, ஆள்களுக்குப் பயிற்சி தருவதும் அனுபவத்தைப் பகிர்வதும் அதில் உண்டு. இதில் ஏன் பெரிய சிக்கல் வருவதில்லை தெரியுமா? எந்த இயந்திரத்தில் வேலை செய்யப் போகிறோம் என்பது தெரியும், வேலை தரப்போவது யார் என்பது தெரியும். பயிற்சி முடித்தவன் கையில் இருக்கும் தாளை மூன்றாவது ஆள் யாரிடமும் கொண்டுபோய்க் காட்டி "இது செல்லுமா" என்று கேட்க வேண்டியதில்லை. ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த நிலையத்தின் மேல் இருக்கும் பயமும் கோபமும் வேறு விஷயம், அதை இங்கே கலக்கவில்லை.

சாதாரணப் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. அவன் தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறான்.

பழைய கதை ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை நம்ம ஆள்கள் மறந்துவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். இரண்டு பேரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்துவிட்டு வந்தவர்கள். அங்கே படித்த படிப்பை இங்கே யாரும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் மேலே இருந்தது ஒரே வெள்ளைக்கார ஆட்சி. அதே காலத்தில் நம்ம திருநெல்வேலிக் கிறிஸ்தவச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1931-இல் மட்டக்களப்புப் பக்கத்து சுவாமி விபுலானந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வந்து உட்கார்ந்தார், பிறகு 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் கொழும்பு நமக்குச் சென்னையை விடப் பக்கம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011-இல் மறுபடி கப்பல் விட்டார்கள், அந்த வருஷமே நின்றும் போய்விட்டது. ஆக இது புதிதாக உண்டாக்க வேண்டிய உறவு இல்லை, இருந்தது அறுந்துபோனது. இரண்டு நாடு ஆன பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முத்திரை தேவைப்படுகிறது.

அந்த முத்திரை விஷயம்தான் கூட்டுறவின் உயிர். ஐரோப்பாக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1987-இல் எராஸ்மஸ் திட்டம், மாணவன் ஒரு பருவம் வேறு நாட்டில் படிக்கலாம். 1999-இல் இத்தாலியின் போலோனியா நகரத்தில் 29 நாடுகள் கையெழுத்திட்டுப் பட்டங்களின் அமைப்பை ஒரே மாதிரி ஆக்க இறங்கின. ஒரு வருஷப் படிப்பு என்றால் 60 கிரெடிட் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். அது பல்கலைக்கழகத்துக்கு. பிறகு வெல்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் சேர்த்து எட்டு நிலை உள்ள பொதுச் சட்டகம் ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு நாடும் தன் சான்றிதழைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம், அது பொது ஏணியில் எத்தனையாவது படி என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். தென்கிழக்கு ஆசிய நாடுகளும் 2014 வாக்கில் இதே மாதிரி எட்டு நிலைச் சட்டகம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. தெற்காசியாவில் அந்தப் பொது ஏணி கிடையாது. இத்தனைக்கும் ஒவ்வொரு நாட்டிடமும் தனி ஏணி இருக்கிறது. நமக்கு 2013 டிசம்பரில் அறிவித்த தேசியத் திறன் தகுதிச் சட்டகம், முதலில் பத்து நிலை, 2023-இல் எட்டாக்கினார்கள். இலங்கையில் என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகுதி ஏழு நிலை, நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளமோ, ஏழு பட்டத்துக்குச் சமம். நம்ம ரூபாயும் ரூபாய், இலங்கை ரூபாயும் ரூபாய், ஆனால் மாற்று விகிதம் தெரியாமல் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க முடியுமா? அந்த விகிதத்தைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கே நாலு என்றால் அங்கே நாலு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டத்துக்கு நிலைமை பரவாயில்லை. இலங்கையின் பல்கலைக்கழக மானியக் குழு, காமன்வெல்த் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூல், சர்வதேசப் பல்கலைக்கழகக் கையேடு ஆகியவற்றில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுக்கொள்கிறது, நம்ம பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதில் வந்துவிடும். இந்தப் பக்கம் ஏ/எல் தேர்வை நம்ம பிளஸ் டூவுக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். பொறியியலில் இன்னும் நன்றாக இருக்கிறது. வாஷிங்டன் உடன்பாடு என்று ஒன்று, இதில் உறுப்பாக இருக்கும் நாடுகள் ஒருவருக்கொருவர் தரச்சான்று பெற்ற பொறியியல் பட்டத்தை ஏற்றுக்கொள்ளும். இந்தியாவும் இலங்கையும் ஒரே வருஷம், 2014-இல், இதில் முழு உறுப்பினர்களாக ஆயின. ஆனால் கவனம், கல்லூரிக்கு என்.பி.ஏ. என்ற தேசிய வாரியத்தின் தரச்சான்று இருக்கிறது என்று விளம்பரப் பலகை போட்டிருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு முதல் அடுக்கு (டியர்-1) சான்று இருக்க வேண்டும், அது தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும்தான் கிடைக்கும். சேர்க்கை அலுவலகத்தில் இதைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரில் சிலர் தெரியாத மாதிரி இருப்பார்கள்.

மருத்துவம் நேர்மாறு. நம்ம பிள்ளைகள் நேபாளத்திலோ வங்காள தேசத்திலோ எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வந்தால் இங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். 2021 நவம்பர் விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம். இலங்கைப் பிள்ளை இங்கே மருத்துவம் படித்துவிட்டுப் போனாலும் அங்கே அவர்கள் மருத்துவ கவுன்சில் வைக்கும் தேர்வை எழுத வேண்டும். ரெண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் இதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் குறையெல்லாம் வேறு இடத்தில். 2022-இல் நம்ம பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஒரு விதி கொண்டுவந்தது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் எல்லாம் கொடுக்கலாம் என்று. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம். அது மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களை மனதில் வைத்து எழுதிய விதி. பக்கத்து நாடுகளில் இருக்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அந்த ஆயிரத்தில் வராது. அபிஷேகப்பட்டியில் 1990-இல் தொடங்கிய நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு ஊர், ஒரே மொழி, ஒரே மீன், ஒரே பனை. கடலியலில் ஒரு கூட்டு முதுகலை நடத்த இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா? ஆனால் தரவரிசை நிபந்தனை குறுக்கே நிற்கிறது. மாணவர் பரிமாற்றம், ஆய்வுக் கூட்டு இவற்றுக்குத் தடை இல்லை, பட்டத்தில் இரண்டு முத்திரை விழுவதற்குத்தான் தடை. பக்கத்து நாட்டுக்கு என்று அந்த நிபந்தனையைத் தளர்த்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

தொழிற்பயிற்சியில் வாய்ப்பு இதைவிடப் பெரிது, வீணாவதும் இதைவிடப் பெரிது. சென்னை கிண்டியில் நிமி என்று ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது, ஜெர்மனி உதவியோடு 1986-இல் தொடங்கியது. ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்களை அவர்கள்தான் போடுகிறார்கள், தமிழிலும் போடுகிறார்கள். ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று தொழில் தொழிலாகத் தமிழில் செய்முறைப் புத்தகம் இருக்கிறது. இலங்கையில் தொழிற்பயிற்சிக்குக் கைகொடுத்ததும் ஜெர்மனிதான். 1959-இல் தொடங்கி இப்போது மொறட்டுவையில் நடக்கும் ஜெர்மன் பயிற்சி நிறுவனம், பிறகு 2016-இல் கிளிநொச்சியில் ஒன்று. கிளிநொச்சியிலும் மலையகத்து ஹட்டனிலும் தமிழ்ப் பிள்ளைகள் கைத்தொழில் படிக்கிறார்கள், தமிழில் புத்தகம் கிண்டியில் கிடக்கிறது. நடுவில் ஒரு கடல், அதையும் தாண்டி ஜெர்மனியிலிருந்து ஆள் வந்து போகிறது. புத்தகத்தையும் நாலு பயிற்றுநர்களையும் மாற்றிக்கொள்ள உச்சி மாநாடு தேவையே இல்லை.

இதில் ரொம்பவும் மாட்டிக்கொண்டவர்கள் நம்ம பக்கத்து மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள். அகதி முகாம் என்ற பெயரை 2021 ஆகஸ்டில்தான் மாற்றினார்கள், அப்போதே 317.40 கோடி ரூபாய்க்கு வீடு, படிப்பு உதவி என்று தமிழக அரசு அறிவித்தது. படிக்கிறார்கள், நன்றாகவே படிக்கிறார்கள். படித்த பிறகு? இங்கே குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்குப் போக முடியாது, பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போவதும் லேசில்லை. ஊர் திரும்பலாம் என்று நினைக்கிறவர்களுக்குப் பட்டமாக இருந்தால் பாதகமில்லை. ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ என்றால் அங்கே மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். அங்கே மூன்றாம்நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடம் எங்கே என்று பார்க்காமல் கை வேலையைப் பார்த்து மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுப்பார்கள். திரும்பிப் போகிறவர்கள் இந்த வழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இங்கிருந்து போகும்போதே பயிற்சி ஏடு, மதிப்பெண் பட்டியல், வேலை பார்த்த இடத்துச் சான்று எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போக வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அத்தை மகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்திய அரசின் கலாச்சார உறவு மன்றமான ஐ.சி.சி.ஆர். தரும் உதவித்தொகை. இலங்கை மாணவர்களுக்கென்றே நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி என்ற பெயர்களில் உண்டு. கல்விக் கட்டணம், மாதப்படி, தங்குமிடப் படி, விமானச் செலவு வரை வரும். மருத்துவத்துக்குக் கிடையாது. அறிவிப்பு கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகத்திலிருந்து வரும், அனேகமாக வருஷத்தின் முதல் சில மாதங்களில், அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். விண்ணப்பத் தளத்தில் இருக்கும் நிறுவனங்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும், நெல்லைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. அது கிடைக்காவிட்டால் சொந்தச் செலவில் நேரடியாகச் சேரலாம். இந்திய நிறுவனங்கள் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேலே 25 சதவீதம் வரை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடுதல் இடம் உண்டாக்கிக்கொள்ளலாம் என்று 2022-இல் யு.ஜி.சி. சொல்லிவிட்டது, அதனால் பெரும்பாலும் இடம் ஒரு பிரச்சினையாக இருக்காது, கட்டணம்தான். வெளிநாட்டவர் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நம்ம ஊர்ப் பிள்ளைதானே என்று வாய்வார்த்தையில் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள், மாணவர் விசாவில்தான் வர வேண்டும். வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு, அதை இப்போது ஆன்லைனிலேயே செய்யலாம். விடுதியில் தங்காமல் உங்கள் வீட்டிலேயே தங்கினாலும் அந்தத் தகவலை நீங்கள் பதிய வேண்டும், சொந்தக்காரர் என்பதால் விதிவிலக்கு கிடையாது. பொறியியல் என்றால் மேலே சொன்ன முதல் அடுக்குச் சான்றைக் கேளுங்கள். மற்றப் படிப்பு என்றால் சேரும் முன்பே கொழும்பில் அவர்கள் மானியக் குழுவிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

தம்பி விஷயத்தில், மாலத்தீவில் ரிசார்ட்டுகளுக்கு ஏசி மெக்கானிக் தேவை எப்போதும் இருக்கிறது, வேலை கிடைக்கும். நம்ம பக்கத்து ஆசிரியர்கள் அங்கே போய் எத்தனையோ வருஷமாக வேலை பார்க்கிறார்கள், அவர்கள் பட்டத்தை மாலத்தீவுத் தகுதி ஆணையம் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறது, அது ஒழுங்காகப் பழகிப்போன பாதை. ஐ.டி.ஐ. பையனுக்கு அந்தப் பாதை இல்லாததால் முதலாளி சொல்வதுதான் தகுதி, முதலாளி சொல்வதுதான் சம்பளம். ஐ.டி.ஐ. முடித்ததற்கான தேசியத் தொழிற் சான்றிதழோடு அப்ரண்டிஸ் பயிற்சியும் முடித்து அந்தச் சான்றும் கையில் இருந்தால் பேரம் பேச இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும், இன்னும் முடிக்கவில்லை என்றால் ஒரு வருஷம் பொறுத்து அதை முடித்துவிட்டே போகச் சொல்வேன், அவசரப்படுவான், இருந்தாலும் சொல்வேன். சான்றிதழ்களுக்கு வெளியுறவுத் துறை சான்றொப்பம் இங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், அங்கே போய்த் தபாலில் அனுப்பி வாங்குவது தலைவலி. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசாங்கத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். வேலை அனுமதி வராமல், "சுற்றுலாவாக இறங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் பதவிப் பெயர் "ஹெல்பர்" என்று இருக்கிறதா "டெக்னீஷியன்" என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், ஹெல்பர் என்று போனவன் அங்கே போய் டெக்னீஷியன் சம்பளம் கேட்டால் யாரும் கொடுப்பதில்லை.